வெளியில் சாப்பிடச் சொன்ன கிழமை

துப்புரவு பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று நான் நினைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. ஊரில் ஏழு வருஷம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். நோர்வேக்கு வந்ததும் வடக்கே ஹம்மர்பெஸ்டில் கை விறைக்க விறைக்க மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கி, ஹவுகெட்டோவில் வீடு எடுத்து, கடைசியில் மற்றவர்களின் கக்கூஸ் கழுவுகிற வேலைக்கு வந்து சேர்ந்தேன். கோயிலில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "ஒரு ஒபிஸிலை" என்பேன். பொய் இல்லை. ஒபிஸில் இருந்தவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு நான் அங்கே போவேன், அவ்வளவுதான்.

அந்த ஒபிஸில் என்னோடு ஒரு பெண் வேலை செய்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், எங்கள் ஊருக்கு அடுத்த ஊர். தகப்பனின் பெயரைக் கேட்டதுமே அவர்கள் எந்தப் பகுதி, என்ன ஆட்கள் என்று என் கணவர் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் சனத்துக்கு இது பெரிய வித்தை இல்லை. ஊர், ஒழுங்கை, கோயில் என்று மூன்று கேள்வி போதும். அவள் "அக்கா, அக்கா" என்று வீட்டுக்கு வருவாள். நானும் "வாரும், இரும்" என்று தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன். பேப்பர் கப்பில். மற்றவர்கள் வந்தால் அலுமாரியைத் திறந்து பீங்கான் கப் எடுப்பேன். ஏன் என்று யாராவது கேட்டால், கழுவுகிற வேலை மிச்சம் என்று சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள்தான் எனக்கு ஒரு பல் வைத்தியரின் வீட்டு வேலையை எடுத்துத் தந்தவள். அவளுக்குக் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் நிரந்தர வேலை கிடைத்ததும், தான் செய்துவந்த அந்த வீட்டை என் கையில் தந்தாள். "நல்ல மனிசன் அக்கா. கொஞ்சம் கதைப்பார், ஆனால் கரைச்சல் இல்லை" என்றாள்.

பல் வைத்தியர் ஓய்வுபெற்றவர், எழுபது தாண்டியவர், யூதர். மனைவி இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. நான் போன முதல் நாளே, குசினிக்குள் மாமிசம் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமையில் மீன் மச்சம் அடுப்பேறாத வீட்டில் வளர்ந்தவளுக்கு இதில் என்ன கஷ்டம்? விரதத்துக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று பார்த்தவள் நான். இந்த மனிதரும் எங்கள் மாதிரித்தான் என்று மெச்சிக்கொண்டேன். அந்த மெச்சலில் என்னைப் பற்றிய பெருமையும் பாதி இருந்தது.

ஊரில் சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, ஆட்கள் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்வந்துகொண்டிருந்த ஒரு வருஷம். சித்திரை பிறக்க ஒரு கிழமை இருக்கும். அவர் என்னைக் குசினி மேசையில் இருத்தி, பாஸ்கா பண்டிகை வருகிறது, நான்கு நாள் தொடர்ந்து வர முடியுமா என்று கேட்டார். எட்டு நாளைக்கு வீட்டில் பாண், மா, பிஸ்கட், எதுவும் இருக்கக்கூடாதாம். ஒரு தூள்கூட. மாச்சாமான் சூடாகப் பட்ட பாத்திரம் கழுவினாலும் அந்த எட்டு நாளைக்கு ஆகாதாம். அடிமைகளாக இருந்த அவர்களின் முன்னோர் மா புளிக்கும்வரை நிற்க நேரமில்லாமல் ஓடித் தப்பியதன் நினைவாக, என்றார்.

"இந்த வருஷம் என் மகள் வருகிறாள்" என்றார்.

மகள் அன்ட்வெர்ப்பில் கலியாணம் செய்து இருந்தாள். கலியாணத்தோடு மிகவும் ஆசாரமாகிவிட்டாளாம். ஆறு வருஷமாகத் தகப்பன் வீட்டுக்கு வந்தாலும் அந்த வீட்டுத் தட்டில் சாப்பிடுவதில்லை. கடதாசித் தட்டும் சாப்பாடும் கையோடு கொண்டுவருவாள்.

"என் மனைவி அந்தக் கடதாசித் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்" என்றார். "ஒன்றும் சொல்லமாட்டாள். மகள் போனபிறகு அதைக் குப்பையில் போடும்போது மட்டும் அழுவாள். இந்த முறை மகள் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள், குசினியை முறைப்படி செய்தால் அம்மாவின் தட்டில் சாப்பிடுகிறேன் என்று."

எனக்கு அந்த மனைவியை நினைக்கப் பாவமாக இருந்தது. பெற்ற தாய்க்கு முன்னால் கடதாசித் தட்டா, இதென்ன பிள்ளை என்று மகள்மேல் கோபமும் வந்தது. என் வீட்டு அலுமாரி எனக்கு அப்போது நினைவில் வரவே இல்லை.

வேலை தொடங்கினோம். தொடங்கினோம் என்றுதான் சொல்ல வேண்டும், அவரும் முழங்காலில் நின்றார். சோபாவின் தையல் இடுக்குகளை உறிஞ்சி எடுத்தோம். புத்தகங்களை ஒவ்வொன்றாக விரித்து உதறினோம். கோட்டுப் பைகளை வெளியே இழுத்தோம். மனைவியின் மாரிக்கோட்டுப் பையில் பாதி பிஸ்கட் ஒன்று இருந்தது. அவர் அதை ஒரு கடித உறைக்குள் போட்டு ஒட்டினார். குளிர்ப்பெட்டிக் கதவின் ரப்பர் மடிப்புக்குள் கிடந்த அழுக்கை எடுக்கத் தன்னுடைய பழைய பல் சுரண்டும் கம்பியைத் தந்தார். அந்தக் கம்பியோடு நான் அரை நாள் இருந்தேன். "இப்போது இந்தக் குளிர்ப்பெட்டிக்குச் சூத்தைப் பல் ஒன்றுமில்லை" என்றார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் குசினி முடிந்தது. பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் கொதிநீர் ஊற்றினோம். மேசையையும் சமையல் மேடைகளையும் அலுமினியத் தாளால் மூடினோம். நிலவறையிலிருந்து ஒரு பெட்டியைச் சுமந்து வந்தார். அதற்குள் பன்னிரண்டு பீங்கான் தட்டுகள், வெள்ளை, ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. கலியாணத்துக்கு வந்தவையாம். வருஷத்தில் எட்டு நாள் மட்டும் பாவிப்பது. "முப்பத்தொன்பது வருஷம், ஒன்றுகூட உடையவில்லை" என்றார். நான் கழுவித் துடைத்து அடுக்கினேன்.

மத்தியானம் ஆனதும் கோட்டைப் போட்டபடி அவர் சொன்னார்: "இன்றிலிருந்து குசினிக்குள் மாச்சாமான் ஒன்றும் வேண்டாம். உங்கள் சாப்பாட்டை வெளியில் வைத்துச் சாப்பிடுங்கள். கீழே முற்றத்தில் உட்கார வாங்கு ஒன்று இருக்கிறது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெளியில் வைத்து. எனக்குக் காது சூடாகிவிட்டது. யன்னலால் பார்த்தேன். மழையும் பனியும் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக முழங்கால் தேயத் தேய இவரின் வீட்டைத் துடைத்தேன், இப்போது இது சுத்தமாகிவிட்டது, நான் அசுத்தமாகிவிட்டேனா? நான் ஆர், எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள்? என்னைப் பார்த்து முற்றத்தில் இருந்து சாப்பிடு என்பதா?

பாண் தூளைப் பற்றித்தான் அவர் சொன்னார். மூன்று நாளாக வேறு எதைப் பற்றியும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. ஏன் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குச் சித்திரை வருஷப்பிறப்புக்கு முன்னால் வளவு கூட்டி, வீட்டின் பின்பக்கக் கோடியைத் துப்புரவாக்க ஒரு பெண் வருவாள். மத்தியானச் சாப்பாடு அவளுக்குக் கோடியில், முருங்கைக்குக் கீழே. தண்ணீர் குடிக்க ஒரு சிரட்டை வைத்திருந்தாள். நான்தான் சோறு கொண்டுபோய் வைப்பேன், செம்பால் தண்ணீர் ஊற்றுவேன். "தள்ளி நிண்டு ஊத்து பிள்ளை" என்று அம்மா குசினி வாசலில் நின்று சொல்லுவா. அந்தப் பெண் குடித்து முடித்ததும் சிரட்டையைத் தானே கழுவி, முருங்கையடியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். அதில் பிழை இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எனவே வெளியில் சாப்பிடு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான்.

சீ, போ என்று நினைத்துக்கொண்டு என் பையைத் திறந்தேன். கோதுமை ரொட்டி மூன்று, பிளாஸ்கில் ஆவி பறக்கிற உருளைக்கிழங்குக் குழம்பு. அடுக்கின் மேலே இருந்த பச்சைக்கோட்டுத் தட்டை எடுத்தேன். அலுமினியத் தாள் விரித்த அந்த மேசையிலேயே இருந்து, ரொட்டியைப் பிய்த்து, குழம்பை ஊற்றி, ஆறுதலாகச் சாப்பிட்டேன். பசியைவிட வீம்புதான் கூட. ஒவ்வொரு வாயும் அவருக்குச் சொல்கிற பதில் என்று நினைத்துச் சாப்பிட்டேன். பிறகு தட்டைக் கழுவித் துடைத்து அடுக்கின் மேலேயே வைத்தேன். மேசையை வழித்துத் துடைத்தேன். ஒரு தூள் இல்லை. துப்புரவு எனக்குத் தெரியும்தானே.

அதன்பிறகு குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன்.

முற்றத்து வாங்கில் அவர் இருந்தார். மாரித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் விரித்த எண்ணெய்த் தாளில் ஒரு துண்டுப் பாணை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தோளில் பனி ஈரம். பக்கத்தில், நனையாமல் இருக்க, இருக்கையில் போடுகிற சின்ன மெத்தை ஒன்று விரித்திருந்தது. அது வெறுமையாக இருந்தது.

"வந்துவிட்டீர்களா. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு பசி தாங்காமல் தொடங்கிவிட்டேன்" என்று மெத்தையைத் தட்டிக் காட்டினார்.

 பசியில்லை என்று சொன்னேன். என் கைவிரல்களில் குழம்பு மணத்தது. அவர் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றினார். மூடி ஒன்றுதான் இருந்தது. தான் குடித்த மூடியின் விளிம்பைக் கைலேஞ்சியால் துடைத்து, அதிலேயே எனக்குத் தந்தார். வாங்கிக் குடித்தேன். குடிக்காமல் இருக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அப்போதே சொல்லியிருக்கலாம். இப்படி நடந்துவிட்டது, அடுக்கின் மேலே இருக்கிற தட்டையும் மேசைத்தாளையும் எடுத்துவிடுங்கள் என்று ஒரு வசனம். ஒரு தட்டைப் பெட்டிக்குள் திருப்பி வைத்து, தாளை மாற்றி விரித்தால் முடிந்திருக்கும். அவர் கோபிக்கக்கூட மாட்டார். ஆனால் ஏன் உள்ளே இருந்து சாப்பிட்டாய் என்று கேட்டால், அதற்கு நான் சொல்ல வேண்டிய பதிலில் முருங்கை மரமும் சிரட்டையும் வரும். நான் வாயைத் திறக்கவில்லை. மேலே போனதும் அந்த மேசைத்தாளை மட்டும் உரித்துப் புதிதாய் விரித்தேன். தண்ணீர் பட்டுவிட்டது என்றேன். அவர் நன்றி சொன்னார்.

அடுத்த நாள் காலை நான் போனபோது மகள் வந்துவிட்டாள். தலையைச் சால்வையால் மூடிய, முப்பது வயது மதிக்கத்தக்க பெண். கணவனும் பிள்ளைகளும் பின்னேரம் வருகிறார்களாம். அவள் குசினியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குளிர்ப்பெட்டி ரப்பருக்குள் விரலை விட்டாள். மின் அடுப்பின் போறணைக்குள் தலையை விட்டாள். தகப்பன் கதவோரம், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாணவன் போல நின்றார். 

"அப்பா, மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள்" என்றாள்.

"நான் இல்லை, இவர்தான்" என்று அவர் என்னைக் காட்டினார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "ஒன்றே ஒன்று கேட்கிறேன். குசினி முடிந்த பிறகு, இதற்குள் யாராவது பாணோ மாவோ கொண்டுவந்தார்களா? அப்பா மறதிக்காரர். நீங்கள் சொன்னால் நான் நம்புகிறேன்."

நீங்கள் சொன்னால் நம்புகிறேன் என்று இந்த நாட்டில் என்னிடம் ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. நான் அவளின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "இல்லை. ஒருவரும் கொண்டுவரவில்லை."

"அப்போ சாப்பிடுவோம். காலையிலிருந்து பசி" என்று சொல்லி, அவித்த கிழங்கும் முட்டையும் இருந்த சட்டியைத் திறந்தாள். தட்டு அடுக்கின் பக்கம் கையை நீட்டினாள்.

நான் முந்திக்கொண்டேன். "விடுங்கோ, விடுங்கோ" என்று அந்த அவசரத்தில் தமிழிலேயே சொல்லி, மேல்தட்டை எடுத்தேன். எடுத்து, கையை விட்டேன். நழுவவில்லை. நான் விட்டேன்.

நிலத்தில் அது மூன்று துண்டும் தூளுமாகப் போனது.

"மாசல் தோவ்" என்றாள் மகள். பாத்திரம் உடைந்தால் நல்வாழ்த்துச் சொல்வது அவர்கள் வழக்கமாம். பயப்படாதீர்கள், ஒன்றும் இல்லை என்று என் முதுகைத் தடவினாள். தட்டு கைதவறி உடைந்தது என்று நினைத்துவிட்டாள்.

தகப்பன் கூட்டுகிற தும்புத்தடியை எடுக்கவில்லை. முழங்காலில் இருந்து துண்டுகளைக் கையாலேயே பொறுக்கினார். மூன்று துண்டையும் பொருத்திப் பார்த்தார். பச்சைக் கோடு ஒரு இடத்தில் சேரவில்லை. "பதினொன்றும் தாராளமாகப் போதும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் என்னைத் தேற்றினார். ஒரு வசனம் சொல்ல வெட்கப்பட்டு, இறந்துபோன ஒரு பெண்ணின் கலியாணத் தட்டை உடைத்துவிட்டு நின்ற என்னை.

பிறகு மகள் மூன்று தட்டு வைத்தாள். எனக்கும் ஒன்று. "இருங்கள், நீங்களும் சாப்பிடுங்கள், உள்ளேதானே எல்லாம் சுத்தம்" என்றாள். அந்தக் குசினிக்குள், அந்த மேசையில், நடுவில் என்னை இருத்தினாள். அவள் கிழங்கை உடைத்து உப்புத் தொட்டு வாயில் வைத்தபோது தகப்பன் தன்னுடைய தட்டைத் தொடவில்லை. மகள் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி மூக்கைத் துடைத்தார். நான் முட்டையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

அன்று பின்னேரம், எனக்கு அந்த வேலையை எடுத்துத் தந்த இளைய பெண் என் வீட்டுக்கு வந்தாள். மணி அடித்துவிட்டுக் கதவிலேயே நின்று கேட்டாள்.

"அக்கா, மகள் வந்தவவோ? சாப்பிட்டவவோ?"

"ஓம். சாப்பிட்டவ."

"அப்பாடா" என்று சப்பாத்தைக் கழற்றினாள். "போன வருஷம் முழுக்க அந்த மனிசன் அதையே சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டது. நான் கோயிலிலை நேத்தி வெச்சனான் அக்கா, உண்மையா. உங்களையும் வெளியிலையோ சாப்பிடச் சொன்னவர்?"

"ஓம்" என்றேன். 

"எனக்கும் போன வருஷம் சொன்னவர். கேட்டவுடனை நெஞ்சு திக்கெண்டுது. இஞ்சையுமோ எண்டு நினைச்சன். பேசாமல் இறங்கிப் போய் வாங்கிலை இருந்தன். பாத்தா, அவரும் தன்ரை பாணைக் கொண்டு வந்து பக்கத்திலை இருக்கிறார்." அவள் சிரித்தாள். "எனக்கு அழுகை வந்திட்டுது அக்கா. வெளியிலை இருந்து சாப்பிடேக்கை பக்கத்திலை ஒருத்தர் வந்து இருந்தது அண்டைக்குத்தான். அவர் குளிரிலை கண்ணாலை தண்ணி வருது எண்டு நினைச்சு, தன்ரை சால்வையைத் தந்தவர்."

நான் குசினிக்குள் போனேன். கேத்தில் கொதிக்கும்வரை அலுமாரிக்கு முன்னால் நின்றேன். பேப்பர் கப் அடுக்கு கைக்கெட்டும் தூரத்தில், எப்போதும் போல. அதைத் தாண்டிக் கையை விட்டு, பூப் போட்ட பீங்கான் கப்பை எடுத்தேன். தேத்தண்ணி ஊற்றி அவளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் கப்பைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபம் ஒன்றுமில்லை. அது இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஏனக்கா இது? பேப்பர் கப்பிலையே தாங்கோவன். எனக்கு அது பழகீட்டுது" என்றாள். "இது உடைஞ்சால் பிறகு செற் குறைஞ்சு போகும்."

"உடைஞ்சால் உடையட்டும். இதிலை குடியும்" என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. மன்னிப்புக் கேட்கிறதுக்குக்கூட எனக்கு அந்தக் குரல்தான் இருந்தது.

அவள் குடித்தாள். காப்பகத்துப் பிள்ளைகளைப் பற்றி, ஊருக்குப் போய்வருகிற செலவைப் பற்றிக் கதைத்தாள். நான் ஓம், ஓம் என்றுகொண்டிருந்தேன். மன்னியும் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அந்த வருஷம் நான் சொல்லாமல் விட்ட இரண்டாவது வசனம் அது.

குடித்து முடித்ததும் அவள் எழுந்தாள். "வையும், வையும், நான் பாக்கிறன்" என்று நான் பின்னாலேயே போனேன். அவள் கேட்கவில்லை. குசினிக்குள் போய், சவுக்காரம் போட்டு, கப்பை உள்ளும் புறமும் கழுவினாள். தண்ணீரை உதறினாள். மற்றக் கப்புகளோடு சேர்க்காமல், தொட்டியின் ஓரத்தில் தனியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.